ரொட்டி வண்டியில் அவன் குரல்

குமாசி
18 பிப்ரவரி 1996

அன்புள்ள செஃபாகோர்,

நம் ஊர் வழக்கப்படி, நேற்றைக்கு நன்றி. வீட்டில் எழுந்தீர்களா? என் மருமகள் எசினாம் எழுந்தாளா, அவள் இருமல் நின்றதா? இங்கே நான் எழுந்தேன், கடையும் எழுந்தது. முழங்கால் மட்டும் என்னோடு எழ மறுக்கிறது.

தம்பி சென்யோவை அடக்கம் செய்துவிட்டு நான் பஸ் ஏறும்போது, "அக்கா, அடுப்ப அணைச்சிடலாம்னு இருக்கேன்" என்றாய். அழுதுகொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அணைத்தால் உன்னை உதைப்பேன். அவனும் நீயும் களிமண் குழைத்துக் கட்டிய அடுப்பு அது. பிள்ளையின் படிப்பும், அன்லோகாவில் இருக்கும் எங்கள் அம்மாவின் மருந்தும் அதன் வாயிலிருந்துதான் வருகின்றன.

சந்தையில் கடை போட்டே நரைத்தவள் சொல்கிறேன், கேள். உங்கள் சோகாகோபே பாலத்தடியில் கார் நின்றால் ஒரு கூட்டமே ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அதில் உன் ரொட்டி எது என்று யாருக்குத் தெரியும்? உறையில் பெயர் அச்சடி. இங்கே தெரிந்த அச்சகம் இருக்கிறது. லாரி, பஸ் டிரைவர்களுக்கு ஒரு ரொட்டி சும்மா கொடு. டிரைவர் நிறுத்தினால் உள்ளே இருக்கிற அத்தனை வயிறும் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் கைக்கு அடங்குகிற மாதிரி சின்ன ரொட்டி சுடு. சொந்தக்காரர்களுக்குக் கடன் கொடுக்காதே, என்னையும் சேர்த்துத்தான்.

ஒன்றுக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உங்கள் வீட்டு வாய் முழுவதும் அவனிடம் இருந்தது. வண்டியில் உட்கார்ந்து அவன் கூவினால் சாப்பிட்டு முடித்தவளும் ஒரு ரொட்டி வாங்குவாள். நீயோ எதிரில் நிற்பவளிடமே ரகசியம் போலப் பேசுகிறவள். இனி யார் கூவுவது? யோசித்து எழுது.

உன் கணவனின் அக்கா,
அகோர்ஃபா


சோகாகோபே
10 மார்ச் 1996

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் எழுந்தோம். எசினாமின் இருமல் நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு ஷியா வெண்ணெய் தேய்த்துச் சூடு காட்டுங்கள்.

அடுப்பை அணைக்கவில்லை. நீங்கள் சொன்னபடி டிரைவர்களுக்கு ரொட்டி கொடுக்கிறேன். லோமே போகிற பெரிய பஸ் ஒன்று இப்போது நம் மேசைக்கு எதிரில்தான் நிற்கிறது. மற்றப் பெண்கள் என்னைத் திட்டுகிறார்கள். ஆகவே நன்றாகத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சின்ன ரொட்டிக்கு எசினாம் 'தம்பி ரொட்டி' என்று பெயர் வைத்தாள். பள்ளி வாசலில் மணியடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. உறைகள் வந்து சேர்ந்தன. எழுத்து அழகாக இருக்கிறது.

வண்டியை அக்பேகோ ஓட்டுகிறான். அவர் இருந்தபோது ரொட்டி அடுக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தானே, அவனேதான். அகாட்சி சந்தை வரைக்கும் பழையபடி போய் வருகிறது. விற்பனை குறையவில்லை.

கூவுவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு மருந்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் அன்பை மறவாத,
செஃபாகோர்


குமாசி
2 ஏப்ரல் 1996

அன்புள்ள செஃபாகோர்,

நீ எழுந்தாய், பிள்ளை எழுந்தாள் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். தம்பி ரொட்டி என்ற பெயர் பிரமாதம். அந்தப் பெண்ணைக் கணக்குப் படிக்க வை. ஷியா வெண்ணெய் முழங்காலுக்கு உதவவில்லை, ஆனால் வீடெல்லாம் மணக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லோமேயிலிருந்து துணி வாங்கி வருகிற ஒருத்தி போன வாரம் என் கடைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "உன் தம்பி செத்துட்டான்னு சொன்னியே, எனக்கு அகாட்சி ரோட்டுல ரொட்டி வித்தானே" என்றாள். என்ன உளறுகிறாய் என்றேன். "கூட்டத்துல முகத்தப் பாக்கல. வண்டி தூரத்துல வந்துச்சு. குரல் எனக்குத் தெரியாதா? தாய்மாரே வாங்கன்னு கூப்பிட்டான், ஓடிப்போய் வாங்கினேன்" என்றாள். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் தொண்டை கட்டி ஆறியதும், இனி கட்டினால் உதவும் என்று அவன் ஒரு கேசட்டில் கூவி வைத்தான் என்று நீ எழுதியிருந்தாய். அதுதானே இது? உன் ஏற்பாடு அதுதானா?

செஃபா, அவன் படுக்கையில் கிடந்து போனவன் இல்லை. டபாலா முக்கில் ரொட்டி கொடுக்க இறங்கியவனை மரலாரி அடித்தது. ரோட்டில் போனவன் ரோட்டிலேயே நிற்பான், போய்க் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? உடம்பைப் புதைத்தோமே தவிர, இன்னும் அவனைக் கூட்டி வரவில்லை. அந்தச் சடங்கை ஈஸ்டருக்கு அப்புறம் அகாட்சி சந்தை நாளில் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்து மண்ணைக் குடத்தில் எடுத்து அம்மாவே தலையில் சுமந்து வரப்போகிறாள். குடம் வீட்டு முற்றத்தில் இறங்கும்வரை அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, எந்தக் குரலுக்கும் பதில் சொல்லக் கூடாது.

அவன் குரல் ரோட்டில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தால் அவன் எப்படி வீட்டுக்கு வருவான்? கேசட்டை எடுத்துவிடு. அன்றைக்கு மட்டுமாவது வண்டி வாய் திறக்கக் கூடாது.

என்னால் கடையை விட்டு வர முடியாது. உன்னை நம்பியிருக்கிறேன்.

அகோர்ஃபா


சோகாகோபே
5 மே 1996

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

எல்லோரும் எழுந்தோம். தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். அடுப்பின் பின்சுவரில் விரிசல் விட்டது, பூசிக் காயவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோதுமை மாவு விலை ஏறியிருக்கிறது. ரொட்டியின் விலையை ஏற்றாமல் எடையைக் கொஞ்சம் குறைக்கலாமா, அல்லது விலையையே ஏற்றிவிடலாமா? குறைத்தால் பாலத்தடிப் பெண்கள் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. உறைகள் இன்னொரு கட்டு வேண்டும்.

சடங்கு முடிந்தது என்று கேள்விப்பட்டேன். புருஷனை இழந்தவள் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பதால் நான் வீட்டில் இருந்தேன். வண்டியைச் சத்தமில்லாமல்தான் அனுப்பினேன்.

எசினாம் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

உங்கள்,
செஃபாகோர்


குமாசி
16 மே 1996

செஃபாகோர்,

எழுந்தாயா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

விலையை ஏற்று, எடையைக் குறைக்காதே. கை பழகிய எடையை வாங்குகிறவள் மறப்பதில்லை. வியாபாரம் முடிந்தது. இப்போது நீ எழுதாததை நான் எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகள் டெலாலி அம்மாவுக்குப் பின்னால் நடந்தவள். அவள் இங்கே வந்து சொன்னாள். முக்கில் சாராயம் ஊற்றி, மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மண்ணை அள்ளி, வெள்ளைத் துணி போர்த்தி அம்மா தலையில் குடத்தை வைத்திருக்கிறார்கள். ரோட்டோரமாக வாய் பேசாமல் நடந்து வந்திருக்கிறார்கள். எதிரே நம் வண்டி. நீ சொன்னபடி சத்தமில்லாமல்தான் வந்திருக்கிறது. அம்மாவைப் பார்த்ததும் அந்த அக்பேகோ வண்டியை ஓரம் கட்டித் தொப்பியைக் கழற்றியிருக்கிறான். அப்புறம் கேசட்டைப் போட்டுவிட்டான்.

டெலாலி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாளாம். "முதலாளியோட அம்மா நடந்து போறாங்க. முதலாளி வண்டி ஒரு வணக்கம் சொல்லாம எப்படிப் போவும்? அவரு வாயாலயே சொல்லட்டும்னு போட்டேன்" என்று அழுதிருக்கிறான். பாவி, மரியாதை செய்வதாக நினைத்திருக்கிறான். அவனை எதைச் சொல்லித் திட்டுவது?

"தாய்மாரே, வாங்க வாங்க, சூடா இருக்கு" என்று ஒலிபெருக்கிக் குழாயில் சென்யோ கூப்பிட்டான். தலையில் அவனுடைய மண்ணோடு நின்ற அம்மா, "வர்றேன்டா சென்யோ, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஊரே கேட்டதாம். அன்றிலிருந்து அவள் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படலருகே உட்கார்ந்திருக்கிறாள். சோறு வேண்டாம் என்கிறாள். சந்தையில் மூட்டைக்கணக்கில் வெங்காயம் தூக்கி விற்ற உடம்பு குச்சியாகிவிட்டது என்கிறாள் டெலாலி.

அக்பேகோ உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். தெரிந்தும் எனக்கு அடுப்பு விரிசலை எழுதியிருக்கிறாய்.

அகோர்ஃபா


சோகாகோபே
23 ஜூன் 1996

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

எழுந்தோம்.

அக்பேகோ அன்று மாலையே சொல்லிவிட்டான். எழுத உட்கார்ந்து, அடுப்பு விரிசலைத்தான் எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்ததும் கேசட்டை நிறுத்தினேன். அக்பேகோவைக் கூவச் சொன்னேன். ஆடு தொலைத்தவன் மாதிரி கத்துகிறான். முதல் சந்தையிலேயே பாதிக்கு மேல் ரொட்டி திரும்பி வந்தது. அகாட்சிப் பெண்கள், "உன் புருஷன எங்க? அவன் கூப்பிட்டாத்தான் வாங்குவோம்" என்று சொல்லியனுப்பினார்கள். அவர் இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடக்கத்துக்கு வந்து என்னோடு அழுதவர்கள்தான். எனக்காகத்தான், அவர் குரல் என்னைவிட்டுப் போகக் கூடாதென்றுதான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய ரொட்டியைக் காயவைத்துத் தூளாக்கி, மீன் பொரிக்கிறவர்களுக்கு விற்றேன். எத்தனை நாளைக்கு அப்படி விற்க முடியும்? மாவுக்காரர் காத்திருக்க மாட்டார். மறுபடி கேசட்டைப் போட்டேன். வியாபாரத்துக்காகத்தான் அக்கா, வேறு எதற்காகவும் இல்லை.

அம்மா ஏதாவது சாப்பிடுகிறாளா? எழுதுங்கள்.

செஃபாகோர்


குமாசி
8 ஜூலை 1996

அன்புள்ள செஃபா,

கடையைப் பூட்டிவிட்டு அன்லோகாவுக்குப் போய் வந்தேன். உன் ஊரைத் தாண்டித்தான் போனேன், இறங்கவில்லை. கோபத்தில் இருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்து, "நீயும் வர்றியா?" என்று கேட்டாள். கஞ்சியை ஊட்டப் போனால் கையைத் தட்டிவிட்டாள். "பயணம் போறவ வயித்த ரொப்பிக்கிட்டா போவா?" என்றாள். உன் மகன் செத்துவிட்டான் அம்மா என்றேன். "எனக்குத் தெரியாதா? நான்தான குளிப்பாட்டினேன். கூப்பிட்டான், வர்றேன்னேன். சந்தையில ஒரு வார்த்த சொல்லிட்டு மாத்தினவன்னு என்ன எவளாவது சொல்லியிருக்காளா?" என்றாள். செஃபா, அவளுக்குப் புத்தி பிசகவில்லை. வெங்காயம் விற்கிறபோது எப்படிப் பேசினாளோ அதே தெளிவு. அதுதான் பயமாக இருக்கிறது.

பெரியவர்களைக் கேட்டேன். சடங்கைத் திரும்பச் செய்யலாம், ஆனால் கொடுத்த வார்த்தையை அவளேதான் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவள் எடுக்க மாட்டேன் என்கிறாள். இப்படியே போனால் அறுவடைப் பண்டிகையைப் பார்க்க மாட்டாள்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். டெலாலி ஒரு விடியற்காலையில் ரொட்டி வாங்க உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வண்டி கிளம்புவதற்கு முன்பு, முற்றத்தில் தனியாக நின்று கேசட்டைப் போட்டு, நீ அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாயாம். உன்னைக் கூப்பிடாமலே திரும்பிப் போய்விட்டாள். முற்றத்தில் யார் ரொட்டி வாங்குகிறார்கள் செஃபா? அது என்ன வியாபாரம்?

நான் ஒரு தம்பியை இழந்தேன். அம்மாவை இழக்கப்போகிறேன். நீயும் வரிசையில் நிற்கிறாயோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அகோர்ஃபா


சோகாகோபே
13 ஜூலை 1996

அக்காவுக்கு,

கேசட்டின் தொடக்கத்தில் கூவல் இல்லை. இயந்திரம் ஓடுகிறதா என்று தெரியாமல் அவர் என்னைக் கூப்பிடுகிறார். "செஃபா, அடுப்ப விட்டுட்டு வா, இது ஓடுதான்னு பாரு" என்கிறார். கேசட்டில் நான் பதில் சொல்வதற்குள் கூவல் ஆரம்பித்துவிடுகிறது. அதனால் தினமும் முற்றத்தில் நான் "வர்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அம்மா சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சந்தை வார்த்தை என்கிறாள். சரி, சந்தை முறைப்படியே பார்க்கலாம். வாங்குகிறேன் என்று வாயால் சொன்னவள், சரக்கைத் தொடுவதற்கு முன் வேண்டாம் என்றால் அது வார்த்தை மாறியது ஆகாது. எந்தச் சந்தையிலும் இதற்குச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. அம்மா 'வர்றேன்' என்றாளே தவிர ரொட்டியைத் தொடவில்லை.

வண்டியை அவள் வாசலுக்குக் கொண்டுபோகட்டுமா? அவர் கூப்பிடட்டும். அவள் பதில் சொல்லட்டும். தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செஃபாகோர்


குமாசி
18 ஜூலை 1996

செஃபா,

போ. பெரியவர்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், அவர்களும் வந்து நிற்பார்கள். அக்பேகோவை வண்டியை விட்டு இறங்க விடாதே, அவன் மறுபடியும் மரியாதை செய்யப்போகிறான்.

உன்னைத் திட்டி எழுதியதற்கெல்லாம் மனத்தில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. கடையில் உட்கார்ந்திருக்கிறேன், யார் என்ன கேட்டாலும் தப்பாகவே எடுத்துக் கொடுக்கிறேன். உடனே எழுது.

அகோர்ஃபா


சோகாகோபே
30 ஜூலை 1996

அன்புள்ள அக்கா,

நாங்கள் எழுந்தோம். அம்மா எழுந்தாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை போனோம். அம்மா படலருகே பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அம்மா, வாங்கறேன்னு சொன்ன சரக்கைத் தொடாம வேண்டாம்னா குத்தமா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கே சந்தை சொல்லித் தர வந்தியா? தொடலன்னா குத்தமில்ல. தொட்டாத்தான் பேச்சு முடிஞ்சுது" என்றாள். அப்படியானால் அவர் வந்திருக்கிறார், பதில் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அக்பேகோ கேசட்டைப் போட்டான். தாய்மாரே, வாங்க வாங்க, சூடா இருக்கு. அம்மா எழுந்து, பையைப் பிடித்தபடியே வண்டிக்குப் போனாள். அவர் உட்காருகிற இடத்தை எட்டிப் பார்த்தாள். பின்பக்கம் சுற்றி வந்தாள். ரொட்டித் தட்டு அவள் மார்பு உயரத்தில் இருந்தது. கையை நீட்டினாள் அக்கா. விரலுக்கும் ரொட்டிக்கும் நடுவில் ஒரு எறும்பு போகிற இடம்தான் இருந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ரொட்டிக்காரனிடம் தினமும் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சலிப்பாகச் சொன்னாள். "வேண்டாம்பா. நேத்து வாங்கினதே இருக்கு. வேற தெருவுக்குப் போ."

பிறகு படலுக்கு உள்ளே போய், மீன் குழம்பு இருக்கிறதா என்று டெலாலியைக் கேட்டாள். இரண்டு உருண்டை அக்ப்லே களி சாப்பிட்டாள். பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். அப்புறம்தான் அழுதாள். மாலை வரை அழுதாள், அடக்கத்தன்று அழாததையெல்லாம் சேர்த்து. சடங்கை அடுத்த மாதம் திரும்பச் செய்வதாகப் பெரியவர்கள் சொன்னார்கள்.

ஊர் திரும்பியதும் எசினாமைத் தூங்கவைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். கேசட்டை முதலுக்குச் சுற்றினேன். செஃபா, அடுப்ப விட்டுட்டு வா என்றார். அம்மா வாங்குகிறவள், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வழி இருந்தது. நான் அந்த ரொட்டியைச் சுடுகிறவள். எனக்கு எந்தச் சந்தையிலும் முறை இல்லை. திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வர்றேன் என்றுதான் வாயில் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வண்டி கிளம்பும்போதெல்லாம் "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். போன ஜனவரியில் அந்தக் காலையிலும் அதைத்தான் சொன்னேன். வரச் சொன்னவள் நான்தானே, அவர் வேறு எங்கே போவார்? கடைசியில், "அடுப்ப நான் பாத்துக்கறேன். நீங்க போங்க" என்று சொன்னேன். பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, அவர் குரலின் மேல் நான் கூவினேன். அக்கம்பக்கத்தார் விளக்கேற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

திங்கட்கிழமை என் குரலோடு வண்டி போயிற்று. பாதி ரொட்டி திரும்பி வந்தது. அவர் எங்கே என்று அகாட்சிப் பெண்கள் கேட்கவில்லையாம்.

செஃபாகோர்